கூஸ் பியர்

கூஸ் என்பது பெல்ஜியம் நாட்டில் செய்யப்படும், புளிப்புச் சுவையுடைய, நீண்ட காலம் முதிரவைக்கப்படும் ஒரு பியர் வகை ஆகும். லாம்பிக் எனப்படும் அடிப்படைப் பியரில் ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு முதிர்ந்தவற்றைக் கலந்து, புட்டியில் அடைத்து, புட்டிக்குள்ளேயே மீண்டும் நொதிக்கவிட்டு இதைப் பெறுகின்றனர். லாம்பிக்கில் ஈஸ்ட் எனப்படும் மதுவத்தை யாரும் சேர்ப்பதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் மரப்பீப்பாயிலும் வாழும் நுண்ணுயிர்களே அதை நொதிக்கச் செய்கின்றன. இவ்வாறு தானாக நிகழும் நொதித்தல் தன்னியல்பு நொதித்தல் எனப்படும். பாளையிலிருந்து வடியும் பனஞ்சாறு சில மணி நேரத்தில் தானே கள்ளாவதும், அரைத்துவைத்த இட்லி மாவு இரவில் தானே பொங்குவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

பியர் என்றதும் கசப்பும் நுரையும் குளிர்ச்சியும் நினைவுக்கு வருபவருக்கு முதிர்ந்த கூஸின் சுவை வியப்பளிக்கும். அதில் கசப்பு மிகக் குறைவு; இனிப்பு ஏறக்குறைய இல்லை; எலுமிச்சை போன்ற புளிப்பும், மரத்தின் துவர்ப்பும், பழைய நிலவறையின் மணமும் கலந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தால் வெள்ளை ஒயின் என்றே பலர் கூறுவர். தானியத்திலிருந்து செய்த பானம் திராட்சை மதுவைப் போல ஆவது எப்படி, அதைச் சுவைத்து அறிவது எவ்வாறு, அச்சுவை இன்று எத்தகைய நெருக்கடியில் உள்ளது என்பவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இடமும் பெயரும்

பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்ஸும், அதன் தென்மேற்கே உள்ள பயோட்டன்லாந்து என்னும் வேளாண் பகுதியும், சென் ஆற்றுப் பள்ளத்தாக்கும் லாம்பிக்கின் தாயகம் ஆகும். சிறு குன்றுகளும் வயல்களும் நிறைந்த இப்பகுதியை 16ஆம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகல் தம் ஓவியங்களில் தீட்டியுள்ளார். 1568இல் அவர் வரைந்த 'குருடர்களின் உவமை' என்ற ஓவியத்தின் பின்னணியில் தெரியும் தேவாலயம் இப்பகுதியின் சின்ட் அன்னா பேட என்ற சிற்றூரில் இன்றும் உள்ளது.

லாம்பிக் என்ற பெயர் இப்பகுதியிலுள்ள லெம்பேக் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். வாலை வடிக்கும் கலத்தைக் குறிக்கும் அலம்பிக் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொரு விளக்கம்.

செய்முறை

லாம்பிக்கின் மூலப்பொருள்கள் முளைகட்டி உலர்த்திய பார்லி, முளைகட்டாத கோதுமை, ஹாப்ஸ் பூ, நீர் ஆகியவை. முளைகட்டிய பார்லி மால்ட் எனப்படும். தானியத்தில் கோதுமையின் பங்கு சுமார் 30 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும்.

தானிய மாவை வெந்நீரில் கரைக்கும்போது மால்ட்டிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. வழக்கமான பியர்களில் இம்மாற்றம் முழுமையாக நடைபெறுமாறு பார்த்துக்கொள்வர். லாம்பிக்கில் அவ்வாறு செய்வதில்லை. கலங்கலான கரைசலின் ஒரு பகுதியை இடையிலேயே எடுத்துக் கொதிக்கவைத்து, நொதிகளைச் செயலிழக்கச் செய்து, மீண்டும் சேர்க்கின்றனர். இதனால் எளிதில் செரிக்க முடியாத நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள் கரைசலில் மிகுதியாக எஞ்சுகின்றன. பின்னர் ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் வாழப்போகும் நுண்ணுயிர்களுக்கு இவையே கட்டுச்சோறு.

கரைசலைப் பல மணி நேரம் கொதிக்கவைக்கும்போது ஹாப்ஸ் சேர்க்கப்படுகிறது. இது புதிய ஹாப்ஸ் அன்று; ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பழையதானது. பழையதாகும்போது ஹாப்ஸின் கசப்புத் தன்மை பெருமளவு குறைந்துவிடும். வேண்டாத பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்தும் தன்மை ஓரளவு எஞ்சும். லாம்பிக் செய்பவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது தன்மைதான்.

கொதித்த கரைசல் கூல்ஸ்கிப் எனப்படும் ஆழமற்ற அகன்ற திறந்த தொட்டியில் ஊற்றப்படுகிறது. பெரும்பாலும் செம்பாலான இத்தொட்டி ஆலையின் மேல்தளத்தில், கூரைக்கு அடியில் இருக்கும். சாளரங்கள் வழியாகக் குளிர்காற்று வீச, கரைசல் இரவு முழுவதும் ஆறுகிறது. அப்போது காற்றிலும் கூரை மரங்களிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதில் சேர்கின்றன. காலையில் சுமார் 20 டிகிரி செல்சியஸுக்கு ஆறிய கரைசல் மரப்பீப்பாய்களுக்கு மாற்றப்படுகிறது. இவை ஓக் அல்லது செஸ்ட்நட் மரத்தாலானவை. பல முன்பு ஒயின் வைக்கப் பயன்பட்டவை.

பீப்பாய்களின் மரமும் நுண்ணுயிர்களின் இருப்பிடமாக உள்ளது. எனவே கூஸின் நுண்ணுயிர்களைக் காற்று மட்டுமே கொண்டுவருகிறது என்ற பொதுவான கருத்து முழுமையானது அன்று. ஓர் ஆலையில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டுவரும் பீப்பாய்களே அதன் தனிச்சுவையைக் காத்துவருகின்றன. பழைய ஆலைகளில் சிலந்திவலைகளைக் கலைப்பதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பழ ஈக்கள் வினிகர் பாக்டீரியாக்களைச் சுமந்துவருபவை. அவற்றைச் சிலந்திகள் பிடித்துத் தின்றுவிடுவதால் ஆலையினர் அவற்றைத் துணையாகவே கருதுகின்றனர்.

பீப்பாய்க்குள் நிகழ்வது

சாதாரண லாகர் பியர் சில வாரங்களில் முடிந்துவிடும். லாம்பிக்குக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகும். அக்காலத்தில் பல நுண்ணுயிர்க் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, தம் வேலையை முடித்து, அடுத்ததற்கு வழிவிடுகின்றன. இந்த வரிசையை 1970களில் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்தனர். 2014இல் வெளிவந்த மரபணு அடிப்படையிலான ஆய்வும் பொதுவாக இதே போக்கைக் காட்டியது.

முதல் கட்டம்: முதல் சில வாரங்களில் எண்டெரோபாக்டீரியா எனும் குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. இந்நிலையில் கரைசல் குடிக்கத் தகுந்ததாக இருக்காது.

இரண்டாம் கட்டம்: சாக்கரோமைசிஸ் ஈஸ்ட் ஆட்சிக்கு வருகிறது. ரொட்டியையும் ஒயினையும் சாதாரண பியரையும் தரும் அதே ஈஸ்ட் இனம்தான் இது. சர்க்கரையின் பெரும்பகுதியைச் சில மாதங்களில் ஆல்கஹாலாக மாற்றுகிறது. பீப்பாயின் வாயிலிருந்து நுரை பொங்கி வழிவது இக்காலத்தில்தான்.

மூன்றாம் கட்டம்: பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. தயிரின் புளிப்புக்குக் காரணமான அமிலம் இதுவே. சில பீப்பாய்களில் இக்கட்டத்தில் பியர் எண்ணெய் போல, நூல் நூலாக இழுபடும் நிலையை அடைவதுண்டு. பியர் நோயுற்றிருக்கிறது என்று ஆலையினர் இதைக் கூறுவர், கொட்டிவிடாமல் காத்திருப்பர்.

நான்காம் கட்டம்: சுமார் எட்டு மாதங்களுக்குப் பின் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் மேலோங்குகிறது. மெதுவாக வளரும் இது, மற்ற ஈஸ்ட்டுகள் கைவிட்ட நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை ஆண்டுக்கணக்கில் உடைத்து உண்கிறது. இழுபட்ட பியரும் இதன் செயலால் மீண்டும் தெளிகிறது. பியரின் மேற்பரப்பில் மெல்லிய ஆடை ஒன்று படர்ந்து, அதிகமான காற்று உள்ளே புகாமல் காக்கிறது.

பிரெட்டனோமைசிஸ் என்ற பெயருக்குப் பிரிட்டன் நாட்டுப் பூஞ்சை என்பது பொருள். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த நீல்ஸ் கிளாவுசன் 1904இல் ஆங்கிலேயரின் முதிர்ந்த பியர்களை ஆராய்ந்து இப்பெயரை அறிவித்தார். லாம்பிக்கில் காணப்படும் முதன்மையான சிற்றினம் 1921இல் பிரசெல்ஸ் நகரின் பெயரால் புரூசெலென்சிஸ் என்று பெயரிடப்பட்டது.

கலத்தல்

பீப்பாயிலிருந்து நேரடியாக எடுக்கும் லாம்பிக்கில் நுரை இராது. ஒரே நாளில், ஒரே கரைசலிலிருந்து நிரப்பிய இரண்டு பீப்பாய்கள்கூட ஒரே சுவையைத் தருவதில்லை. ஒன்று மென்மையாகவும் மற்றொன்று கடும் புளிப்பாகவும் இருக்கக்கூடும். எனவே கூஸ் செய்வதில் சமையல் குறிப்பைவிடக் கலப்பாளரின் நாக்கே முதன்மையானது. அவர் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் சிறிதளவு எடுத்துச் சுவைத்து, எது எதனோடு எந்த அளவில் சேர வேண்டும் என்று முடிவு செய்கிறார்.

ஓராண்டு லாம்பிக்கில் இன்னும் சர்க்கரை எஞ்சியிருக்கும். அது புட்டிக்குள் மீண்டும் நொதித்துக் கரியமில வாயுவைத் தரும். மூவாண்டு லாம்பிக்கில் சர்க்கரை ஏறக்குறைய இராது. ஆனால் மணமும் ஆழமும் இருக்கும். ஈராண்டு லாம்பிக் இரண்டையும் இணைக்கிறது. இளமை உயிர்ப்பையும் முதுமை சுவையையும் தருகின்றன எனலாம். கலந்த பியரைத் தடித்த ஷாம்பெயின் புட்டிகளில் அடைத்து, கார்க் அடைப்பானைக் கம்பியால் கட்டி, பல மாதங்கள் படுக்கவைக்கின்றனர்.

கரைசலைத் தாமே காய்ச்சாமல், பிற ஆலைகளிலிருந்து வாங்கி, தம் பீப்பாய்களில் முதிரவைத்துக் கலப்பவர்களும் உண்டு. டுவோர்ப் ஊரின் ஹான்சென்ஸ், கோய்க் ஊரின் டி காம் ஆகியவை அத்தகைய கலப்பகங்கள்.

ஒயினுடன் ஒற்றுமையும் வேற்றுமையும்

கூஸை ஒயினுடன் ஒப்பிடுவது வெறும் புகழ்ச்சி அன்று. அதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

முதலாவது அமிலம். சாதாரண லாகரின் பி.எச். மதிப்பு 4.2 முதல் 4.5 வரை இருக்கும். முதிர்ந்த லாம்பிக்கின் மதிப்பு 3.5க்கு அருகிலோ அதற்குக் கீழோ இருக்கும். பல ஒயின்களின் மதிப்பும் இந்த எல்லைக்குள்தான் உள்ளது. பி.எச். அளவுகோலில் ஓர் அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்காகிறது என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்க. எண்ணில் சிறிதாகத் தெரியும் வேறுபாடு நாக்கில் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

இரண்டாவது இனிப்பின்மை. பிரெட்டனோமைசிஸ் எஞ்சிய சர்க்கரையையும் உண்டுவிடுவதால் பியரின் மால்ட் இனிப்பு மறைகிறது. இனிப்பு எஞ்சாத ஒயினை உலர்ந்த ஒயின் என்பது வழக்கம். முதிர்ந்த கூஸும் அவ்வகையில் உலர்ந்ததே.

மூன்றாவது மரம். பீப்பாய் மரத்தின் வழியாக மிகச் சிறிதளவு ஆக்சிஜன் உள்ளே கசிகிறது. மரத்திலிருந்து துவர்ப்பும் சிறிது இறங்குகிறது. செந்நிற ஒயினுக்குத் துவர்ப்பு பெரும்பாலும் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது.

நான்காவது காலம். இரண்டுமே ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுபவை. புட்டியில் தொடர்ந்து மாறுபவை.

வேற்றுமைகளும் உண்டு. ஒயினில் டார்டாரிக் அமிலம் முதன்மையானது. அது திராட்சையிலேயே உள்ளது. கூஸில் லாக்டிக் அமிலம் முதன்மையானது. அது நுண்ணுயிர்களால் உண்டாவது. ஒயினில் ஆல்கஹால் பொதுவாக 12 முதல் 14 விழுக்காடு. கூஸில் 5 முதல் 7 விழுக்காடு. ஷாம்பெயினில் இரண்டாம் நொதித்தலுக்குச் சர்க்கரையைச் சேர்க்கின்றனர். கூஸில் அச்சர்க்கரையை இளம் லாம்பிக்கே தருகிறது.

இவற்றுள் சிந்திக்கத்தக்கது பிரெட்டனோமைசிஸ் பற்றிய வேறுபாடு. ஒயின் செய்பவர்கள் பலர் இந்த ஈஸ்ட்டைக் கண்டு அஞ்சுகின்றனர். தொழுவத்தையும் தோல் பொருளையும் நினைவூட்டும் மணத்தைத் தந்து ஒயினைக் கெடுப்பதாக அவர்கள் கருதுகின்றனர். கூஸ் செய்பவருக்கோ அது இன்றியமையாதது. ஒரு நிலவறையில் குறையாக எண்ணப்படுவது மற்றொன்றில் அடையாளமாகிறது. கெட்டுப்போனது, பக்குவமானது என்று நாம் பிரிக்கும் கோடு நுண்ணுயிரில் மட்டும் இல்லை. எந்தப் பானத்தில், எந்த அளவில், எவற்றோடு சேர்ந்து அது இருக்கிறது என்பதிலும் உள்ளது.

சுவைக்கும் முறை

சுவைத்தல் என்பது குடித்தலிலிருந்து வேறானது. சிறிதளவு போதும்; கவனமே தேவை. பல பியர்களை ஒப்பிட்டுச் சுவைப்போர் வாயிலிட்டு உமிழ்ந்துவிடுவதும் உண்டு.

வெப்பநிலை: கூஸை மிகக் குளிராகப் பரிமாறுவதில்லை. நிலவறையின் வெப்பநிலையான சுமார் 12 டிகிரி செல்சியஸ் ஏற்றது. கடுங்குளிரில் மணம் எழாது. புளிப்பு மட்டுமே தெரியும்.

ஊற்றுதல்: படுக்கவைத்த புட்டியின் அடிப்பக்கத்தில் ஈஸ்ட் மண்டி படிந்திருக்கும். அதைக் கலக்காமல் இருக்க, புட்டியைச் சாய்ந்த நிலையிலேயே ஒரு சிறு பிரம்புக் கூடையில் வைத்து ஊற்றுவது பெல்ஜிய வழக்கம். நுரையற்ற லாம்பிக்கை மண்சாடியிலிருந்து ஊற்றுவர்.

பார்த்தல்: இளம் கூஸ் வைக்கோல் நிறத்திலும், முதிர்ந்தது அடர்ந்த பொன்னிறத்திலும் இருக்கும். நுரை வெண்மையாக எழும்.

முகர்தல்: கோப்பையை மெல்லச் சுழற்றி, இரண்டு முறை முகர வேண்டும். முதல் முறை பெரும்பாலும் தொழுவ மணமும் காய்ந்த வைக்கோலும் ஈர மண்ணும் தெரியும். இரண்டாம் முறை அவற்றுக்கு அடியில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், தேன், நனைந்த மரம் போன்றவை தெரியத் தொடங்கும்.

சுவைத்தல்: முதல் மிடறைக் கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது. புளிப்புக்குப் பழகாத வாய் முதலில் அதிர்ச்சியடையும், பல்கூச்சமும் ஏற்படலாம். உமிழ்நீர் சுரந்து, நாக்கு அமிலத்துக்குப் பழகிய பின், மூன்றாம் மிடற்றில்தான் மற்றச் சுவைகள் வெளிப்படும். அப்போது கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு: புளிப்பு தயிர் போல் வட்டமாக உள்ளதா, வினிகர் போல் கூர்மையாக உள்ளதா? இனிப்பு ஏதேனும் எஞ்சியுள்ளதா? துவர்ப்பு நாக்கின் ஓரங்களை உலர்த்துகிறதா? விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது?

ஒப்பிடுதல்: இயலுமானால் ஓராண்டு லாம்பிக், மூவாண்டு லாம்பிக், கூஸ் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துச் சுவைப்பது சிறந்த பாடம். கலப்பாளர் எதை எதனால் ஈடுசெய்தார் என்பது அப்போது புரியும்.

உடன் உண்பது: பயோட்டன்லாந்தில் கூஸுடன் ரொட்டியில் தடவிய புதிய வெண்பாலாடைக் கட்டியும், முள்ளங்கியும், வெங்காயத்தாளும் உண்பர். பாலின் கொழுப்பு புளிப்பைத் தணிக்கிறது. புளிப்பைத் தாங்காதவர்கள் முற்காலத்தில் கோப்பையில் சர்க்கரைக் கட்டியை இட்டு, ஒரு சிறு உலோகக் குத்தியால் நசுக்கிக் கலந்துகொள்வர்.

முதிர்வும் குறைகளும்

நன்கு செய்த கூஸ் இருண்ட, குளிர்ந்த நிலவறையில் 10, 20 ஆண்டுகள் வரை நிலைக்கும். காலப்போக்கில் எலுமிச்சைத் தன்மை தணிந்து, ஷெர்ரி ஒயினையும் உலர்ந்த பழங்களையும் நினைவூட்டும் சுவை தோன்றும். கூர்மையான புளிப்பும் பிற சுவைகளோடு இணங்கி வட்டமாகும். ஆயினும் பழையது எல்லாம் சிறந்தது என்று கொள்ளலாகாது. பழம் சேர்த்த வகைகளில் பழ மணம் சில ஆண்டுகளில் மங்கிவிடுவதால் அவற்றை இளமையிலேயே சுவைப்பது நல்லது.

புளிப்புப் பியரில் எது குறை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். காற்று அதிகமாகப் புகுந்த பீப்பாயில் அசிட்டிக் அமிலம் மிகுந்து, தொண்டையை எரிக்கும் வினிகர் சுவை வரும். எத்தில் அசிட்டேட் சிறிதளவில் பழ மணத்தையும், மிகுதியானால் நகப்பூச்சு நீக்கியின் நெடியையும் தரும். ப்யூட்டிரிக் அமிலம் மிகுந்தால் ஊசிய வெண்ணெயின் வாடை வீசும். எலிவாடை எனப்படும் மற்றொரு குறை முகரும்போது தெரியாது. விழுங்கிய பின், உமிழ்நீர் பியரின் அமிலத்தன்மையைக் குறைத்ததும் வாயின் பின்புறத்தில் எழும். இது பெரும்பாலும் புட்டியில் சில மாதங்கள் காத்திருந்தால் மறைந்துவிடும்.

பழ வகைகளும் ஒத்த பியர்களும்

லாம்பிக்கில் புளிப்புச் செர்ரிப் பழங்களை ஊறவைத்துச் செய்வது கிரீக் எனப்படும். செர்ரிக் கொட்டையிலிருந்து வாதுமையை ஒத்த மணம் இறங்கும். ராஸ்பெரி சேர்த்த வகையும் உண்டு. சர்க்கரை சேர்த்த லாம்பிக் ஃபாரோ எனப்படும். பிரசெல்ஸின் காண்டியோன் ஆலை திராட்சையையே லாம்பிக்கில் ஊறவைத்துச் சில பியர்களைச் செய்கிறது. தானியமும் திராட்சையும் ஒரே பீப்பாயில் சேரும் அவை, பியருக்கும் ஒயினுக்கும் இடைப்பட்டவை.

மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியின் ரோடன்பாக் போன்ற செந்நிறப் புளிப்புப் பியர்களும் பெரிய ஓக் கலங்களில் முதிர்பவை. ஆனால் அவற்றில் ஆலையே வளர்த்துவரும் நுண்ணுயிர்க் கலவை சேர்க்கப்படுவதால் அவை தன்னியல்பு நொதித்தலைச் சேர்ந்தவை அல்ல. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள அல்லகாஷ் ஆலை 2007இல் கூல்ஸ்கிப் ஒன்றை அமைத்து இம்முறையைப் பின்பற்றியது. ஆயினும் பெல்ஜியத்தவருக்கு மதிப்பளித்து, தன் பியருக்கு லாம்பிக் என்று பெயரிடவில்லை.

பெயரைக் காத்தல்

20ஆம் நூற்றாண்டில் லாகர் பியரும் இனிப்புப் பானங்களும் பரவியதால் கூஸுக்கு வரவேற்பு குறைந்தது. கலப்பகங்கள் பல மூடப்பட்டன. எஞ்சிய ஆலைகளுள் சில, இளம் லாம்பிக்கை வடிகட்டி, இனிப்பூட்டி, வாயு ஏற்றி, அதையே கூஸ் என்றும் கிரீக் என்றும் விற்றன. மூன்றாண்டு காத்திருந்து செய்ததும் சில மாதங்களில் செய்ததும் கடையில் ஒரே பெயரைத் தாங்கி நின்றன. இரண்டில் ஒன்று மலிவானது, இனிப்பானது. காத்திருந்தவருக்கு இழப்பே மிஞ்சியது.

இச்சூழலில் காண்டியோன் ஆலை 1978இல் தன் ஆலையையே கூஸ் அருங்காட்சியகமாகத் திறந்து, செய்முறையைப் பொதுமக்களுக்குக் காட்டத் தொடங்கியது. பிரிட்டன் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் தம் நூல்கள் வழியாக இப்பியர்களை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1997இல் லாம்பிக் தயாரிப்பாளர்கள் சிலர் ஹோரல் என்ற அமைப்பை உருவாக்கினர்.

அதே 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் 'பழைய கூஸ்' என்று பொருள்படும் அவுட கூஸ் என்ற பெயருக்கு மரபுச் சிறப்புப் பொருள் என்ற பாதுகாப்பை வழங்கியது. இதன்படி அப்பெயரைத் தாங்கும் பியரில் கலந்த லாம்பிக்குகளின் சராசரி வயது குறைந்தது ஓராண்டாகவும், அவற்றுள் மூத்தது மரப்பீப்பாயில் குறைந்தது மூன்றாண்டு இருந்ததாகவும் இருக்க வேண்டும். எனவே புட்டியில் 'பழைய' என்னும் அடைமொழி உள்ளதா என்று பார்ப்பது வாங்குபவருக்கு முதல் பாடம் ஆகும். இப்பாதுகாப்பு செய்முறையைக் காக்கிறது, இடத்தைக் காப்பதில்லை. ஷாம்பெயின் என்ற பெயர் ஒரு நிலப்பகுதியுடன் பிணைக்கப்பட்டிருப்பது போல இது பிணைக்கப்படவில்லை.

நீண்ட காலம் காத்திருக்கும் தொழிலில் இழப்பும் பெரிதாகும். பேர்செல் ஊரின் ட்ரீ ஃபோன்டைனன் கலப்பகத்தில் 2009இல் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, புட்டிகள் வைத்திருந்த அறை அளவுக்கு மீறிச் சூடானது. பல்லாயிரக்கணக்கான புட்டிகள் வெடித்தும் கெட்டும் போயின. ஆண்டுக்கணக்கான உழைப்பு சில மணி நேரத்தில் அழிந்தது. அதன் தலைவர் அர்மாண்ட் டெபெல்டர், கெட்ட பியரை வாலையில் வடித்து மதுசாரமாக்கி விற்று, நிறுவனத்தை மீட்கும் முயற்சியைத் தொடங்கினார். 2022இல் அவர் மறைந்தபோது அக்கலப்பகம் உலகின் புகழ்பெற்ற கூஸ் நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. பெல்ஜியத்தின் பியர் பண்பாடு 2016இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

காலநிலையும் எதிர்காலமும்

பெயரைச் சட்டத்தால் காக்கலாம். குளிர்ந்த இரவைக் காக்க முடியாது. லாம்பிக் காய்ச்சும் பருவம் மரபாக அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆகும். கோடையில் கரைசல் மெதுவாக ஆறுவதோடு, கெடுக்கும் பாக்டீரியாக்களும் காற்றில் மிகுதியாக இருக்கும். இரவு வெப்பநிலை உறைநிலைக்கு மூன்று டிகிரி கீழிருந்து 8 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதே ஏற்றது எனக் காண்டியோன் ஆலையினர் கூறுகின்றனர். 2015 நவம்பரில் வழக்கத்துக்கு மாறாக வெப்பம் நீடித்ததால் அவ்வாலை காய்ச்சுவதை நிறுத்திவைக்க நேர்ந்தது.

கரைசலை இயந்திரத்தால் குளிர்விப்பது எளிது. ஆனால் திறந்த தொட்டியில், இரவுக் காற்றில், தானே ஆறுவதுதான் இப்பியரின் தொடக்கம். குளிரிரவுகள் குறைந்தால் காய்ச்சும் நாள்களும் குறையும். இவ்வாண்டு காய்ச்ச முடியாமல் போனதன் விளைவு உடனே தெரியாது. மூன்றாண்டுகளுக்குப் பின், கலப்பாளர் மூவாண்டு பீப்பாயைத் தேடும்போதுதான் தெரியும்.

ஒரு கோப்பை முதிர்ந்த கூஸைச் சுவைப்பவர் மூன்று வெவ்வேறு குளிர்காலங்களின் இரவுகளை ஒன்றாகச் சுவைக்கிறார். அதன் புளிப்பு, காத்திருந்த காலத்தின் கணக்கு. அக்கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை, காத்திருந்து செய்பவர்களுக்கும் இடம் இருக்கும்.